ஆறெழுத்துப் பெயருக்கு ஒன்பது கேள்விக்குறிகள்

வெள்ளிக்கிழமை மாலையில் பெங்களூரு வெளிவட்டச் சாலையில் இருக்கும் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், மேசைக்கு அடியில் கிடக்கும் பயணப்பையை வைத்தே அங்குள்ள தமிழர்களை அடையாளம் கண்டுவிடலாம். 2019-ஆம் ஆண்டின் அப்படியொரு வெள்ளிக்கிழமை, மடிவாளாவிலிருந்து இரவு பத்து மணிக்குக் கரூருக்குப் புறப்படும் பேருந்தில் இடம் பதிந்துவிட்டு, ஆறரை மணிக்கே கணினியை மூடும் எண்ணத்தில் இருந்த எனக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு நகைக்கடன் நிறுவனத்துக்கு நாங்கள் எழுதிக்கொடுத்திருந்த ஜாவா வலைச்செயலியில் சிக்கல். "சார், ரசீதுல தொகை, தேதி எல்லாம் சரியா வருது. பேரு மட்டும் வரல. வெறும் கேள்விக்குறியா அடிக்குது, வந்தவரு சண்டைக்கு நிக்கிறாரு," என்றார் கிளை மேலாளர். அவர் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில், வாடிக்கையாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அந்தப் பெயர் வேறு. இங்கே அருணாசலம் என்று வைத்துக்கொள்வோம், கணக்கு ஒன்றேதான்.

அந்த ஒன்பதை எண்ணிப் பார்த்ததுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை. அருணாசலம் என்பது நமக்கு ஆறெழுத்துச் சொல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கிலோ உகரக் குறி, கால், மெய்யின் மேலிருக்கும் புள்ளி ஆகிய மூன்றும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் ஒன்பது ஆகிறது. அந்த எண்களைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் எழுதினால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிப்பதால், அதே பெயர் 27 பைட் ஆகிவிடும். எழுதிய பைட்டுகளை யாராவது தவறான முறையில் படித்திருந்தால் ரசீதில் 27 குப்பை எழுத்துகள் வந்திருக்கும். தமிழைப் பொறுத்தவரை, வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போட்ட வணிகச் சின்னமும் மேலே கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் மாறி மாறி வரும் அந்தக் காட்சியைப் பழைய வலைத்தளங்களில் பார்த்திருப்பீர்கள். ஒன்பது கேள்விக்குறிகள் என்றால், ஜாவாவின் நினைவகத்துக்குள் பெயர் முழுமையாக இருந்திருக்கிறது, அதைப் பைட்டுகளாக மாற்றி வெளியே அனுப்பும் கணத்தில்தான், தமிழ் என்றால் என்னவென்றே அறியாத ஒரு குறியாக்கம் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது என்று பொருள். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். பெயர் அங்கே சரியாகவே இருந்தது.

இவ்வளவு தெளிவாக யோசித்தவன் அடுத்துச் செய்தது, பேருந்து நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் செய்வதுதான். மும்பையிலிருந்த அந்தச் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்னும் தொலை இணைப்பு வழியாக நுழைந்து, செயலியை ஓட்டும் டாம்கேட் மென்பொருளை நிறுத்தி, மறுபடியும் கையால் தொடங்கினேன். ரசீது சரியாக வந்தது. அன்று மதியம் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் போட்டுச் சர்வரை மறுதொடக்கம் செய்திருந்தார்கள் என்பது தெரியும். அதில் ஏதோ இடறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பையைத் தூக்கினேன். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டும்போது நிம்மதியாகத் தூங்கிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை இரவு திருத்தத்தின் இரண்டாம் பகுதியைப் போட்டு மறுபடியும் மறுதொடக்கம் செய்தார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் திண்டுக்கல்லோடு சேர்ந்து தேனியும் பழனியும் அழைத்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று மதியம் வரை ஆயிற்று. ஜாவா 18 வருவதற்கு முன்பு, எந்தக் குறியாக்கம் என்று நிரலில் சொல்லாவிட்டால், ஜாவா தான் ஓடும் இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்துத் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். எங்கள் நிரலில் ரசீதை நிரப்பிப் பைட்டுகளாக மாற்றும் இடத்தில், கெட்பைட்ஸ் என்ற செயற்கூறு அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லாமல் அழைக்கப்பட்டிருந்தது. சர்வர் தானாக எழும்போது லினக்ஸில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி டாம்கேட்டைத் தொடங்கும். அந்தச் சர்வரில் மொழி அமைப்பைச் சொல்லும் லாங் என்னும் சூழல் மாறி அமைக்கப்படவே இல்லை என்பதால், ஜாவா ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ஆஸ்கியைப் பிடித்துக்கொண்டது. நான் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தபோதோ, என் மடிக்கணினியில் இருந்த லாங் மாறியின் மதிப்பு, உபுண்டுவில் வழக்கமாக நடப்பதுபோல, இணைப்போடு சேர்ந்து சர்வருக்குள் போய்விட்டது. அந்த அமர்விலிருந்து நான் தொடங்கிய டாம்கேட் அதை வாங்கிக்கொண்டு யுடிஎஃப்-8-இல் எழுதியது. வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை, திண்டுக்கல்லில் அச்சான ஒவ்வொரு தமிழ்ப் பெயரும் பெங்களூருவில் என் மேசையில் இருந்த மடிக்கணினியின் தயவில் அச்சாகியிருக்கிறது.

இத்தனைக்கும் செயலியைக் கட்டிவைத்திருந்த வார் கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. சோதனைச் சர்வரில் பத்து நாள் ஓடிய அதே கோப்புதான். இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, ஒரு ஜாவா வலைச்செயலியைப் பில்ட் செய்வது (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது), பொட்டலமாக்குவது, ஓட்டுவது என்ற மூன்றையும் நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. பொட்டலத்துக்குள் எது இருக்க வேண்டும், வெளியே எது இருக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியைத்தான் மூன்றிடத்திலும் கேட்டுக்கொள்கிறேன்.

வார் கோப்பு என்பது 1999-ஆம் ஆண்டு வந்த ஜாவா வலைச்செயலிகளுக்கான சர்வ்லெட் 2.2 வரையறையில் பிறந்த ஏற்பாடு. பெயரைக் கேட்டால் மிரட்டுவது போல இருந்தாலும் அது ஒரு ஜிப் கோப்புதான். கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றினால் எந்தக் கருவியாலும் திறக்கலாம். உள்ளே வெப்-இன்ஃப் என்ற கோப்புறை; அதற்குள் நாம் எழுதிய நிரலைக் கணினிக்கு ஏற்ப மொழிபெயர்த்த (கம்பைல் செய்த) கிளாஸ் கோப்புகளுக்கு ஓர் இடம், துணை நூலகங்களின் ஜார் கோப்புகளுக்கு ஓர் இடம், அமைப்பை விவரிக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. வெப்-இன்ஃப்புக்குள் இருப்பது எதையும் உலாவிக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்பது சர்வருக்கு விதிக்கப்பட்ட கட்டளை. இந்தப் பொட்டலத்தை டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் போட்டால், அது தானாகப் பிரித்து, கோப்பின் பெயரையே முகவரியின் முதல் பகுதியாக வைத்துக்கொண்டு, 8080 போர்ட்டில் ஓட்டத் தொடங்கிவிடும். முகவரியில் அப்படிப் பெயர் எதுவும் வேண்டாமென்றால் கோப்புக்கு ரூட் என்று பேரெழுத்தில் பெயர் வைக்க வேண்டும்; இதைத் தெரிந்துகொள்ளாமல் சர்வரின் அமைப்புக் கோப்பை அரைநாள் திருத்திக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சோற்றைக் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போவது போன்றது இது. சோறும் குழம்பும் நம்முடையவை. இலையும் தண்ணீரும் உட்கார இடமும் அந்த வீட்டாருடையவை. எதை நாம் கொண்டுபோக வேண்டும், எதை அங்கே கொடுப்பார்கள் என்பதில் குழப்பம் இல்லாதவரை சாப்பாடு சுகமாக முடியும். பில்ட் கருவியான மேவனில் ஒரு சார்பு நூலகத்துக்கு ப்ரொவைடட் என்று எழுதுவது இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்குத்தான்: பில்ட் செய்யும்போது இது எனக்குத் தேவை, ஆனால் பொட்டலத்தில் வைக்காதே, போகுமிடத்தில் இருக்கிறது என்று சொல்கிறோம். சர்வ்லெட் நூலகத்தை அப்படித்தான் குறிப்பிட வேண்டும். மறந்துபோய் உள்ளே வைத்துவிட்டால் டாம்கேட் பெரிய மனத்தோடு அதைக் கண்டுகொள்ளாமல் தன்னிடமுள்ள சர்வ்லெட் கிளாஸ்களையே எடுத்துக்கொள்ளும். ஆனால் செயலியின் நடப்பைப் பதிவுசெய்யும் லாகிங் நூலகங்களிலும் எக்ஸ்எம்எல் நூலகங்களிலும் அப்படி யாரும் காவல் நிற்பதில்லை. சர்வரில் ஒன்றும் பொட்டலத்தில் ஒன்றுமாக ஒரே கிளாஸின் இரண்டு பதிப்புகள் இருக்கும்போது வரும் பிழைச் செய்திகள், அந்த நூலகத்தை எழுதியவருக்கே விளங்காத மாதிரி இருக்கும்.

பில்ட் செய்வதைப் பொறுத்தவரை, மேவனைத் திட்டுவது எங்கள் தொழிலில் ஒரு பொழுதுபோக்கு. எக்ஸ்எம்எல் நீளம், போட்டிக் கருவியான கிரேடில் சுருக்கம் என்றெல்லாம் சொல்வார்கள். மேவனுக்கு முந்திய ஆன்ட் கருவியின் காலத்தில், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு பில்ட் கோப்பை, அதை எழுதியவரின் மனவோட்டத்தை ஊகித்துப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. நிரல் இங்கே, அமைப்புக் கோப்பு இங்கே, சோதனை இங்கே, விளைவு டார்கெட் கோப்புறையில் என்று மேவன் எல்லோருக்கும் ஒரே வீட்டு வரைபடத்தைக் கொடுத்துவிட்டது. புதிதாகச் சேர்பவர் சமையலறை எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. கட்டளையில் பேக்கேஜ் என்று ஒரு சொல்லைக் கொடுத்தால், கம்பைல் செய்து, சோதனைகளை ஓட்டி, அவை தேறினால் மட்டும் பொட்டலம் கட்டுகிறது. அவசரத்தில் சோதனைகளைத் தாண்டும் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுகிறோமே, அந்த விருப்பத்தைக் கண்டுபிடித்தவர் மீதுதான் எனக்கு வருத்தம்.

மேவனில் என்னை உண்மையாகவே இரண்டு நாள் அலையவிட்டது வேறு. நாம் கேட்கும் நூலகம் ஒன்று, அது கேட்கும் நூலகம் இன்னொன்று என்று சங்கிலி நீளும்போது, ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் இரண்டு வழியாக வந்து சேரும். அப்போது மேவன் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுக்காது. நம் திட்டத்துக்கு எந்த வழி குட்டையோ அந்த வழியில் வந்த பதிப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். இரண்டு படியில் பழைய பதிப்பும் மூன்று படியில் புதிய பதிப்பும் வந்தால் பழையதே வெல்லும். கம்பைல் ஆவதில் எந்தச் சிக்கலும் இருக்காது, ஏனென்றால் புதிய பதிப்பைக் கேட்ட நூலகம் ஏற்கெனவே எங்கோ கம்பைல் ஆகி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் குறிப்பிட்ட வரியை அடையும் முதல் வாடிக்கையாளருக்கு, அப்படியொரு செயற்கூறே இல்லை என்ற பிழை வெடிக்கும். சார்பு மரத்தை அச்சிடும் கட்டளையின் வெளியீட்டைப் பெரிய பதிப்பு மாற்றங்களின்போது வரிவரியாகப் படிக்கும் வழக்கத்தை அதற்குப் பிறகுதான் ஏற்படுத்திக்கொண்டேன். அலுப்பான வேலைதான்.

எங்கள் குழுவில் திருநெல்வேலியிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், பில்ட் சர்வரில் தோற்றுப்போன ஒரு பில்டைப் பற்றி, "எம் மெஷின்ல நல்லாத்தான் பில்ட் ஆகுது அண்ணே, நீங்களே வந்து பாருங்க," என்றார். போய்ப் பார்த்தேன், ஆகத்தான் செய்தது. அவருடைய முகப்புக் கோப்புறையில் மேவன் சேமித்துவைக்கும் எம்2 களஞ்சியத்தில், ஒரு மாதத்துக்கு முன்பு யாரோ கையால் இன்ஸ்டால் செய்துகொடுத்த ஜார் ஒன்று உட்கார்ந்திருந்தது. உலகில் வேறு எங்கும் அந்தப் பதிப்பு கிடையாது. அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுப் பில்ட் செய்யச் சொன்னேன். பாதி நூலகங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே எங்கே நிற்கப்போகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் மடிக்கணினி திண்டுக்கல்லுக்குப் பெயர் அச்சிட்ட கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

எனவே எங்களிடம் இப்போது உள்ள ஏற்பாட்டில் தனிப்பட்டவரின் கணினியில் கட்டிய பொட்டலம் எந்தச் சர்வருக்கும் போவதில்லை. பில்ட் சர்வர் ஒரே ஒரு முறை கட்டுகிறது. சோதனைக்குப் போவதும், வாடிக்கையாளர் பார்த்து ஒப்புதல் தருவதும், கடைசியில் உண்மைப் பயன்பாடான ப்ரொடக்‌ஷனுக்குப் போவதும் அந்த ஒரே கோப்புதான். சோதனைக்கு ஒரு பில்ட், ப்ரொடக்‌ஷனுக்கு ப்ரொஃபைல் என்னும் வேறு அமைப்புத் தொகுப்போடு இன்னொரு பில்ட் என்று வைத்துக்கொள்ளும் குழுக்களைப் பார்க்கும்போது, ருசி பார்த்தது ஒரு பானையிலும் பரிமாறுவது வேறொரு பானையிலுமாக அல்லவா இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

ஒரே கோப்பு எல்லா இடத்துக்கும் போக வேண்டுமென்றால், இடத்துக்கு இடம் மாறுபவை வெளியே இருக்க வேண்டும். தரவுத்தள முகவரி, கடவுச்சொல், போர்ட் எண் இவையெல்லாம் சூழல் மாறிகளாகவோ சர்வரில் உள்ள தனிக் கோப்பாகவோ இருக்கட்டும். வார் கோப்பு ஜிப்தான் என்று மேலே சொன்னேன். கடவுச்சொல்லை உள்ளே வைத்துக் கட்டினால், அந்தக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் எவரும் படித்துவிடலாம். இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பலரும் தடுமாறுவது இதன் மறுபாதியில்: இடத்துக்கு இடம் மாறவே கூடாதவற்றைத் தெரியாமல் வெளியே விட்டுவிடுகிறோம். ரசீதின் குறியாக்கம் அப்படிப்பட்டது. எந்தச் சர்வரில் ஓடினாலும் தமிழ்ப் பெயர் தமிழில்தான் வர வேண்டும் என்பதால், யுடிஎஃப்-8 என்ற முடிவு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை முதலில் டாம்கேட்டின் செட்என்வ் என்ற தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துக் கிளைகளைச் சமாளித்தேன். அந்த வாரமே நிரல் முழுவதும் தேடி, வெறும் அடைப்புக்குறியோடு இருந்த ஒவ்வோர் அழைப்பிலும் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதினோம். ஜாவா 7 முதலே அதற்கான மாறிலி தயாராக இருக்கிறது, எழுத்துப்பிழைக்குக்கூட இடமில்லை.

நேர மண்டலமும் இதே வகைதான். நகைக்கடனுக்கு வட்டி கணக்கிடும் வேலை இரவு ஒரு மணிக்கு ஓடும். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால் அப்போது அங்கே முந்தைய நாளின் மாலை ஏழரை மணி. இன்றைய தேதி என்ன என்று நிரல் கேட்டால் ஜாவா நேற்றைய தேதியைச் சொல்லும். ஒரு நாள் வட்டி குறையும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் நம் காலை ஐந்தரை மணிக்குப் பிறகு இரண்டு தேதிகளும் ஒன்றாகிவிடுகின்றன. இது எங்களுக்கு நடக்கவில்லை. கேள்விக்குறிகளின் புண்ணியத்தில், வெளியிலிருந்து எதையெல்லாம் கேட்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பட்டியல் போட்டபோது கண்ணில் பட்டது. கொல்கத்தா நேர மண்டலத்தின் பெயரை நிரலிலேயே எழுதிவிட்டோம். தொழிலுக்கு உரியது உள்ளே, இடத்துக்கு உரியது வெளியே என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். இன்னும் அது என்னைக் கைவிடவில்லை.

பிறகு, ஜாவா செயலிகளைக் கட்டும் சட்டகமான ஸ்பிரிங் பூட்டின் காலம் வந்தது. அதன் முதல் பதிப்பு 2014-இலேயே வெளிவந்துவிட்டது. எங்கள் வாடிக்கையாளர்கள் வர ஐந்தாறு ஆண்டுகள் தாமதமாயிற்று. டாம்கேட்டுக்குள் செயலியைப் போடுவதற்குப் பதிலாகச் செயலிக்குள் டாம்கேட்டைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே ஜாராகக் கட்டி, ஜாவா கட்டளை ஒன்றாலேயே ஓட்டுவது இந்த முறை. சோற்றோடு இலை, தண்ணீர், பாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவதுதான். கோப்பு பெருக்கிறது என்பது உண்மை. ஆனால் எந்த டாம்கேட் பதிப்பில் சோதித்தோமோ அதே பதிப்பில்தான் ஓடும் என்ற நிம்மதிக்கு அந்தச் சில மெகாபைட்டுகளைக் கொடுக்கலாம். ஒரே டாம்கேட்டில் ஐந்தாறு சிறு செயலிகளை ஓட்டுபவர்கள் வார் முறையிலேயே தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்று நினைவகத்தைத் தின்றால் மற்றவையும் சேர்ந்து விழும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஜாரைக் கட்ட மேவனில் ஸ்பிரிங் பூட்டின் சொருகுநிரல் இருக்க வேண்டும். அது விடுபட்டால் பில்ட் வெற்றி என்றே காட்டும், ஓட்டும்போது மேனிஃபெஸ்டில் (ஜாரின் விவரக் கோப்பு) மெயின் பண்பு (எங்கே தொடங்குவது என்ற குறிப்பு) இல்லை என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். டார்கெட் கோப்புறையில் ஜாரின் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: சில கிலோபைட் என்றால் சோறு உள்ளே இல்லை.

ஜாவா உலகத்தில் பொட்டலத்துக்கும் சர்வருக்கும் இடையிலான உடன்பாடு முறிந்துபோன ஒரு தருணமும் உண்டு. ஜாவா ஈஈ என்ற வரையறைத் தொகுதியை 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஆரக்கிள் முன்வந்தது. நிரல் கைமாறியது, ஆனால் ஜாவா என்ற பெயரின் வணிக உரிமை ஆரக்கிளிடமே தங்கிவிட்டதால், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களில் புதிதாக எதையும் வளர்க்க முடியாமல் போயிற்று. எனவே 2020-இன் இறுதியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் அத்தனை பேக்கேஜ்களும் ஜகார்த்தா என்று பெயர் மாறின. டாம்கேட் 9 பழைய பெயரை அறியும், டாம்கேட் 10 புதிய பெயரை மட்டுமே அறியும். பழைய ஸ்பிரிங் பூட் வார் கோப்பு ஒன்றை டாம்கேட் 10-இல் போட்டுப் பாருங்கள், பிழையே வராது. பொட்டலம் பிரியும், சர்வர் எழும், லாக் அமைதியாக இருக்கும், எந்த முகவரியைத் தட்டினாலும் பக்கம் இல்லை என்னும் 404 வரும். தான் தேடும் பெயரில் எவரும் இல்லாததால், தொடங்குவதற்கு ஒன்றுமில்லை என்று டாம்கேட் முடிவு செய்துகொள்கிறது. பழைய கோப்புகளை வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற தனிக் கோப்புறையில் போட்டால் டாம்கேட் 10 தானே பெயர்களை மாற்றிக்கொள்ளும். நாங்கள் அந்த வழியில் ஒரு செயலியை ஓர் ஆண்டு ஓட்டினோம். ஸ்பிரிங் பூட் 3 வந்த பிறகு அது ஜாவா 17-ஐயும் புதிய பெயர்களையும் கட்டாயமாக்கிவிட்டதால், எப்படியும் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது.

செயலியை அதற்கு வேண்டிய சூழலோடு கட்டி ஓட்டும் டாக்கர் வந்தால் இந்தக் கவலையெல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் பாதிதான் உடன்படுவேன். இயங்குதளத்தின் கோப்புகளையும் சேர்த்தே கட்டிவிடுவதால், லாங் மாறியை இமேஜ் என்னும் அந்தப் பொட்டலத்திலேயே எழுதிவைக்கலாம். அது பெரிய லாபம். ஆனால் வெளியுலகம் வேறு துளை வழியாக எட்டிப்பார்க்கும். ஜாவா 8-இன் பழைய வெளியீடுகளுக்குக் கன்டெய்னர் (டாக்கர் செயலியை ஓட்டும் தனி அறை) என்ற ஒன்றே தெரியாது. 64 ஜிபி நினைவகமுள்ள சர்வரில், 2 ஜிபி வரம்போடு ஒரு கன்டெய்னரைத் தொடங்கினால், ஜாவா 64-ஐப் பார்த்து அதில் கால்பங்கு, அதாவது 16 ஜிபி வரை ஹீப் (நிரலின் தரவுகளை வைக்கும் நினைவகம்) தனக்கு உரியது என்று எண்ணிக்கொள்ளும். 2 ஜிபியைத் தாண்டும் கணத்தில் இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைக் கொன்றுவிடும். லாகில் ஒரு வார்த்தை இருக்காது, 137 என்ற வெளியேற்ற எண் மட்டும் மிஞ்சும். 128-உடன் கொல்லும் சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டினால் வருவது. ஜாவா 10-இலும், 2018 அக்டோபரில் வந்த 8யூ191 வெளியீட்டிலும் இது சரிசெய்யப்பட்டது. இப்போது ஜாவா கன்டெய்னரின் வரம்பைப் பார்க்கிறது, ஆனால் அதிலும் கால்பங்குதான் தானாக எடுத்துக்கொள்கிறது. கன்டெய்னரில் வேறு எதுவும் ஓடாதபோது முக்கால்பங்கு சும்மா கிடக்கிறது. ஹீப் தவிர மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்களுக்கான இடம்), த்ரெட்கள் ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும் என்பதால், நாங்கள் 70 விழுக்காடு என்று வைத்திருக்கிறோம்.

நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் டாக்கர் முதலில் நிறுத்து என்ற சிக்னலை அனுப்பி, பத்து நொடி பொறுத்து, பிறகு கொன்றுவிடும். டாக்கர் கோப்பில் தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குறி இல்லாமல் வெறும் வரியாக எழுதினால், முதல் ப்ராசஸாகக் கட்டளைகளை வாங்கும் ஷெல் உட்கார்ந்துகொள்ளும். வந்த சிக்னலை அது ஜாவாவிடம் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். பாதி எழுதிய ரசீதோடு ஜாவா பத்தாம் நொடியில் செத்துப்போகும். டெப்லாய் செய்யும்போதெல்லாம் சரியாகப் பத்து நொடி தாமதமாகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது அந்தச் சதுர அடைப்புக்குறியைத்தான். ஸ்பிரிங் பூட் 2.3 முதல், கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு நிற்கும்படி ஓர் அமைப்பும் இருக்கிறது. ஆனால் சிக்னல் காதில் விழுந்தால்தானே அது வேலை செய்யும்.

அந்த நகைக்கடன் செயலி சென்ற ஆண்டு ஜாவா 21-க்கு மாறியது. 2019 நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் பில்டில் ஒரு சோதனையைச் சேர்த்திருந்தோம்: வேண்டுமென்றே ஆஸ்கிச் சூழலில் ஜாவாவைத் தொடங்கி, அருணாசலம் என்ற பெயருக்கு ஒரு ரசீது அடித்து, 27 பைட்டும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. திருநெல்வேலிக்காரத் தங்கை, இப்போது அவர்தான் அந்தச் செயலிக்குப் பொறுப்பு, "ஜாவா 18-லயே யுடிஎஃப்-8-ஐ இயல்பாக்கிட்டாங்களே அண்ணே, இந்த டெஸ்ட் இன்னும் எதுக்கு? எடுத்துரவா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன், பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை.

மாற்றிய முதல் வாரத்தில் அவரே என் மேசைக்கு வந்து லாக் கோப்பில் ஒரு வரியைக் காட்டினார். ரசீதுகள் எல்லாம் சரியாக இருந்தன. அச்சுத் தொகுதியில் எவரோ விட்டுவைத்திருந்த திரைக்கு எழுதும் பழைய சிஸ்டம்-அவுட் வரி ஒன்று வாடிக்கையாளரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தது, கேள்விக்குறிகளாக. ஜாவா 18 கோப்புகளுக்கும் சரங்களுக்கும்தான் இயல்பு குறியாக்கத்தை மாற்றியது. திரை வெளியீடு இன்றும் இயங்குதளத்தின் மொழி அமைப்பைக் கேட்டுத்தான் நடக்கிறது, கோப்புகளின் பெயர்களும் அப்படியே. புதிய சர்வரின் சேவைக் கோப்பில் லாங் மாறியை எழுத எல்லோரும் மறந்திருந்தோம். அந்தச் சிஸ்டம்-அவுட் வரியை அவர் அங்கேயே நீக்கினார். பிறகு சேவைக் கோப்பைத் திறந்து லாங் மாறியைச் சேர்த்துவிட்டு, வாடிக்கையாளர் பெயரைக் கோப்புப் பெயராக வைத்து எங்கேயாவது பிடிஎஃப் சேமிக்கிறோமா என்று தேடத் தொடங்கினார். இரண்டு இடத்தில் சேமித்துக்கொண்டிருந்தோம்.